நீரில் கண்டம்

நீச்சல் வகுப்பில் சேர்க்கும் படிவத்தில் எட்டாவது கேள்வி: ‘குழந்தைக்குத் தண்ணீர் பயம் உண்டா?’ பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். மகளுக்கு அப்போது ஐந்து வயது முடிந்து இரண்டு மாதம். பயம் இருக்கிறதா இல்லையா என்று அவளுக்கே தெரிகிற அளவுக்கு நான் அவளுக்குத் தண்ணீரைக் காட்டியதில்லை. பக்கெட், மக், ஷவர், அவ்வளவுதான். ஒருமுறை மாமல்லபுரத்தில் கணுக்கால் அளவுக்குக் கடல். அன்றைக்குக் கரையேறியபோது அவள் மணிக்கட்டில் என் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன. ‘இல்லை’ என்று டிக் செய்தேன். பெற்றோருக்கு உண்டா என்று அடுத்த கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன். அடுத்த கேள்வி ரத்த வகை.

சாயங்காலம் நாலரையிலிருந்து ஐந்தரை வரைக்குமான அந்த ஒரு மணி நேரத்துக்குக் கோயம்புத்தூர் மாதிரி ஊர்களில் இப்போது பெரிய அடிதடி. எங்கள் அடுக்ககத்து வாட்ஸாப் குழுவில் அபாகஸ், ஹிந்தி, பரதம், கீபோர்டு, சிலம்பம், செஸ் எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தைக் கேட்டு நிற்கின்றன. நீச்சலும் அந்த வரிசையில் ஒன்றாகத்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தது. வாரத்துக்கு நாலு நாள், மாதம் 2,500 ரூபாய், தொப்பியும் கண்ணாடியும் தனி.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். “எனக்குந்தான் நீச்சல் தெரியாது. நல்லாத்தானே இருக்கேன்” என்றார் கணவர். “வெயில்ல கறுத்துப் போயிருவா கண்ணு, பொட்டப் புள்ள” என்றார் மாமியார். (இதைச் சிரித்துவிட்டுக் கடக்க முடியாது. நான் பார்த்த குளத்தில் பெண் குழந்தைகளில் பாதிப் பேர் வெயில் இறங்கிய பிறகான ஆறரை மணி வகுப்பில்தான் இருந்தார்கள்.) ஊரிலிருந்து அம்மா போனில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சளி புடிக்கும்” என்று மட்டும் சொன்னார். நானும் என் பங்குக்கு அடுக்கினேன்: நல்ல உடற்பயிற்சி, பசி எடுக்கும், ராத்திரி சீக்கிரம் தூங்குவாள், செல்போனைக் கேட்கமாட்டாள். எல்லாம் சரியான காரணங்கள்தான். ஒன்றுகூட என்னுடைய காரணம் இல்லை.

என் காரணத்தைச் சொல்ல என் ஜாதகத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பன்னிரண்டு வயது வரை நீரில் கண்டம் என்று எழுதியிருந்தது.

நான் பிறந்தது கோபிசெட்டிபாளையம் பக்கம், கீழ்பவானி வாய்க்கால் பாய்கிற ஒரு ஊரில். 1955-ல் கட்டி முடித்த பவானிசாகர் அணையிலிருந்து கிளம்பி 200 கிலோமீட்டர் போகிற வாய்க்கால் அது. மண் வாய்க்காலின் கசிவு நீர், கோடையிலும் எங்கள் தோட்டத்துக் கிணற்றை வற்ற விடாது. சதுரக் கிணறு. சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல் படிகள். முழுப் பரீட்சை லீவு விட்டால் பையன்கள் எல்லாம் அதில்தான் கிடப்பார்கள். புதிதாகப் பழகுகிறவன் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, முதுகில் காய்ந்த சுரைப்புருடையைக் கட்டி உள்ளே இறக்கிவிடுவார்கள். மேலே பெரியப்பா ஒரு கையில் கயிறும் ஒரு கையில் பீடியுமாக நின்றுகொண்டு, “கால அடிடா, கால அடி” என்பார். முதலில் கயிற்றை அவிழ்ப்பார்கள், சில நாளில் சுரைப்புருடை போகும், அதற்குப் பிறகு அவன் கிணற்றுக்குச் சொந்தக்காரன். சான்றிதழ் கிடையாது, ஃபீஸ் கிடையாது.

பெண் பிள்ளைகள் மேட்டில் நின்று பார்க்கலாம். எனக்கு ஜாதகம் வேறு. “நீ எட்டிக்கூடப் பாக்கப்படாது” என்பார் அம்மா. எட்டித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1997 மே மாதம். எனக்குப் பதினொன்று, தம்பிக்கு ஒன்பது. தம்பி என்றால் சித்தப்பா பையன். சுரைப்புருடை இல்லாமல் நீந்த ஆரம்பித்து அவனுக்கு ஒரு வாரம் ஆகியிருந்தது. பெரியவர்கள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். வீட்டில் ஆத்தா மட்டும், அவருக்குக் காது கேட்காது. “நான் இங்கிருந்து அங்க போயிட்டு வர்றதுக்குள்ள நீ எத்தன எண்ணுறேன்னு பாக்கலாம்” என்றான். நான் மேட்டில் நின்று எண்ணினேன். இரண்டு தடவை போய் வந்தான். மூன்றாவது தடவை நடுக் கிணற்றில் நின்றுவிட்டான். வாய் தண்ணீர் மட்டத்தில், தலை பின்னால் சாய்ந்து, இரண்டு கையும் தண்ணீரைக் கீழே அழுத்துகிற மாதிரி. சத்தம் இல்லை. என்னைக் கூப்பிடவில்லை. மூழ்குகிற குழந்தை கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது, மூச்சுக்கே வாய் போதாதபோது கத்துவதற்கு அதில் இடம் இருக்காது என்பதெல்லாம் எனக்கு ரொம்பக் காலத்துக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்கு அவன் விளையாடுகிறான் என்று நினைத்தேன். நாற்பத்தியேழு வரை எண்ணினேன்.

பிறகு கத்தினேன். பிறகு ஓடினேன். இரண்டு வயல் தள்ளிப் புல் அறுத்துக்கொண்டிருந்தவர் ஓடி வந்து குதித்தார். மூன்று தடவை முங்கி எழுந்தார். நான்காவது தடவை தம்பியோடு வந்தார்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, இழவு வீட்டுத் திண்ணையில் அம்மா என் தலையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: “உனக்கு நீச்சல் தெரிஞ்சிருந்தா நீயும் உள்ள போயிருப்ப சாமி. ரெண்டு பேரையும் வாரிக் குடுத்திருப்போம்.” யாரோ ஒரு கிழவி, கண்டம் இவளைத் தொடாமல் அவனோடு போய்விட்டது என்றாள். உள்ளே படுத்திருந்த சின்னம்மா காதில் அது விழுந்ததா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

அம்மாவின் அந்த வாக்கியத்தோடுதான் நான் வளர்ந்தேன். அதை மறுக்க முடியாது, அதுதான் கஷ்டம். கோடை விடுமுறையில் பேப்பரைப் புரட்டிப் பாருங்கள். ஒருவன் வழுக்கி விழுந்திருப்பான், காப்பாற்றப் போன இருவர் அவனோடு போயிருப்பார்கள். மூழ்குகிறவன் கிடைத்ததைக் கட்டிப்பிடிப்பான். அண்ணன், அக்கா என்றெல்லாம் பார்க்கமாட்டான். பதினோரு வயதுப் பெண், நன்றாகவே நீந்தத் தெரிந்தவளாக இருந்தாலும், ஒன்பது வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க முடியாது. அம்மா சொன்னது சரி. ஆனால் அதைச் சரி என்று முழுதாக ஏற்றுக்கொண்டால், பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாமல் இருப்பதே பாதுகாப்பு என்று ஆகிவிடும். நான் இருபத்தியேழு வருடம் அப்படித்தான் இருந்தேன். கல்லூரியில் தோழிகள் கொடிவேரிக்குப் போனபோது துணிமூட்டைக்குக் காவல். தேனிலவுக்குப் போன இடத்தில் படகு வேண்டாம். இது பயம் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை. ஒழுக்கம் மாதிரி இருந்தது.

பிறகு வாசிக்க ஆரம்பித்தபோது, ஒழுக்கவியல் என்ற துறையே தண்ணீரில் விழுந்த குழந்தையைச் சுற்றித்தான் நிற்கிறதோ என்று ஒரு சந்தேகம் வந்தது. கி.மு. நான்காம் நூற்றாண்டுச் சீனாவில் மென்சியஸ், மனிதர் இயல்பில் நல்லவர் என்று காட்ட எடுத்துக்கொண்ட உதாரணம், கிணற்றில் விழப்போகும் குழந்தை. அதைப் பார்க்கிற யாருக்கும் நெஞ்சு பதறும். அந்தப் பதற்றம் குழந்தையின் பெற்றோரிடம் நல்ல பேர் வாங்குவதற்காக வருவதில்லை என்கிறார். 1972-ல் பீட்டர் சிங்கர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலும் ஒரு குழந்தை குளத்தில் மூழ்குகிறது. நடந்து போகிற நீங்கள் இறங்கித் தூக்க வேண்டும், துணி சேறாவது ஒரு பொருட்டே இல்லை. அப்படியானால் தூரத்தில் பட்டினியில் சாகிறவர்களுக்கு உதவுவதும் அதே மாதிரிக் கடமைதான் என்று வாதம் போகும். கிழக்கு வங்கத்தில் மக்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதில் தொடங்குகிற கட்டுரை அது. எனக்கு அதில் வேறொன்று கண்ணில் பட்டது. சிங்கரின் குளம் ஆழமில்லாதது. முழங்கால் அளவுத் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளலாம். கவனமாகத்தான் அப்படி வைத்திருக்கிறார். ஆழமான குளம் என்றால் கேள்வியே மாறிவிடும். கரையில் நிற்பவருக்கு நீந்தத் தெரியுமா என்று கேட்க வேண்டிவரும். தெரியாது என்றால் அவர்மீது கடமை இல்லை, குற்றமும் இல்லை. நெஞ்சு மட்டும் பதறிக்கொண்டிருக்கலாம். அவருக்குத் தெரியுமா தெரியாதா என்பதை முடிவு செய்தவர்கள் யார்? முப்பது வருடம் முன்னால், ஒரு சாயங்காலத்தில், சளி பிடிக்கும் என்றோ கறுத்துவிடுவாள் என்றோ சொன்ன யாரோ சிலர்.

யூதர்களின் தால்முதில் மகனுக்குத் தகப்பன் செய்ய வேண்டிய கடமைகளின் பட்டியல் ஒன்று உண்டு. வேதம் சொல்லிக்கொடுக்க வேண்டும், கல்யாணம் செய்துவைக்க வேண்டும், தொழில் கற்றுத்தர வேண்டும். நீச்சலும் கற்றுத்தர வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள் என்று அதோடு சேர்த்திருக்கிறது. உயிர் அதைப் பொறுத்து இருக்கலாம் என்பதுதான் காரணம். முதலில் படித்தபோது மனசு குளிர்ந்தது. அபாகஸ் வரிசையிலிருந்து நீச்சலைப் பிரித்து எடுத்துக்கொண்டு போய் வேறு இடத்தில் வைத்துவிட்டார்களே என்று. இரண்டாவது தடவை படித்தபோது ‘மகனுக்கு’ என்பது கண்ணில் பட்டது.

2004 சுனாமியில் கடலோர ஊர்கள் பலவற்றில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாகச் செத்தார்கள். ஆக்ஸ்ஃபாம் 2005-லேயே இதை எழுதியது. அந்த நேரத்தில் ஆண்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள், பெண்கள் கரையில் இருந்தார்கள், கையில் குழந்தைகள் இருந்தார்கள் என்று காரணங்கள் பல. நீந்தவும் மரம் ஏறவும் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் பழக்கியிருந்ததும் அதில் ஒன்று.

தம்பியைத் தூக்கி வந்தவரைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. எங்கள் ஊர்க் காலனியைச் சேர்ந்தவர். என் அப்பாவைவிட மூத்தவர். சின்னப் பிள்ளைகள் நாங்கள்கூட அவரைப் பேர் சொல்லி, ‘வா, போ’ என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் கிணற்றில் தூர் வார அவர் இறங்கியிருக்கிறார். அவருடைய பிள்ளைகள் அதில் குதித்து விளையாட முடியாது. ஊரில் எந்தத் தோட்டத்துக் கிணற்றிலும் முடியாது. அப்படியானால் அவர் எங்கே கற்றார்? வாய்க்காலில். வாய்க்கால் சர்க்காருடையது, ஓடுகிற தண்ணீர், யாரும் வாசலில் நின்று தடுக்க முடியாது. அந்த ஓடுகிற தண்ணீரில் யாரும் கயிறு பிடிக்காமல் பழகிய ஒருவர்தான் அன்றைக்குத் தேவைப்பட்டார். குதிக்கும்போது அவர் யாரையும் அனுமதி கேட்கவில்லை. யாரும் அவரைத் தடுக்கவும் இல்லை. ஈரத் துணியோடு அவர் மேட்டில் உட்கார்ந்திருந்தபோது ஒரு டம்ளர் காப்பி கொடுத்தார்கள். அது எந்த டம்ளர் என்பது எனக்கு நினைவிருக்கிறது. எழுதக் கூசுகிறது.

இன்றைக்கு அந்த அடையாளம் வேறு மாதிரி ஆகியிருக்கிறது. ஆழ்துளைக் கிணறுகள் வந்து கொங்கு நாட்டில் எத்தனையோ திறந்த கிணறுகள் வறண்டு குப்பைக் குழியாகிவிட்டன. காசில்லாமல் கற்றுக்கொள்ள இருந்த இடங்கள் போய், காசு கொடுத்துக் கற்றுக்கொள்ளும் இடங்கள் வந்திருக்கின்றன. என் மகள் மாதிரிப் பெண்களுக்கு இதில் லாபம். எங்கள் அடுக்ககத்தில் கூட்டிப் பெருக்குகிற அக்காவின் பையனுக்கு ஏழு வயது. சனிக்கிழமைகளில் மகள் தொப்பியும் கண்ணாடியுமாகக் கிளம்புவதை மாடிப்படியில் உட்கார்ந்து பார்ப்பான். அவனையும் சேர்த்துவிடலாமா என்று அவன் அம்மாவிடம் நான் கேட்கவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்த வாரமும் கேட்டிருக்கவில்லை. சிங்கரை வாசித்துவிட்டேன் என்பதற்காக எதுவும் நடந்துவிடாது.

சரி, வகுப்புக்கு வருகிறேன்.

முதல் நாள் மகள் அழுதாள். இரண்டாம் நாள் கார் நிறுத்துகிற இடத்திலேயே அழ ஆரம்பித்தாள். மூன்றாம் நாள் மத்தியானமே, பள்ளிக்கூடத்தில், சாப்பிடாமல். குளம் இரண்டரை அடி ஆழந்தான். மாஸ்டர் ஒரு பெண், முப்பது வயது இருக்கும், குரல் உயர்த்தாதவர். “ரெண்டு நாள் அழுவாங்க மேடம். நீங்க கண்ணுல படாம உக்காந்தா சரியாயிரும்” என்றார். நான் கண்ணில் படாமல் உட்கார்ந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் “அம்மா” என்று கூப்பிடுவது கேட்டது.

தடுப்பூசி போடும்போது கையைக் காலைப் பிடித்துக்கொள்கிறோம். குழந்தையின் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை. முதல் நாள் பள்ளிக்கூடத்தில் அழுகிற பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருகிறோம். பெரியவளானதும் நன்றி சொல்வாள் என்பதுதான் இதற்கெல்லாம் நியாயம். அந்த நியாயத்தை நான் ரொம்ப நேரம் யோசித்தேன். எதற்கு வேண்டுமானாலும் பொருந்துகிற நியாயம் அது. என்னை எட்டிக்கூடப் பார்க்காதே என்று சொன்ன அம்மாவும் அதையேதான் நம்பினார், ஒரு வகையில் அவருக்கு நான் நன்றி சொல்லவும் கடமைப்பட்டிருக்கிறேன், உயிரோடு இருக்கிறேனே. நாளைக்கு வரப்போகிற ஒருத்தியின் நன்றியை வைத்து, இன்றைக்கு அழுகிற ஒருத்தியின் வாயை அடைப்பது சரியா?

தடுப்பூசிக்கும் நீச்சலுக்கும் வித்தியாசம் இருக்கிறது. அழுதாலும் சிரித்தாலும் ஊசி மருந்து வேலை செய்யும். நீச்சல் அப்படி இல்லை. தண்ணீரைக் கண்டால் நடுங்குகிற உடம்புக்கு மிதக்க வராது. கட்டாயப்படுத்திப் பயத்தைக் கற்றுக்கொடுத்தால், அவள் என்னைப் போலவே ஆவாள், அதற்கு 2,500 ரூபாய் எதற்கு, நான் சும்மாவே செய்து தருவேனே. எந்த வயதில் ஆரம்பிக்கலாம் என்பதற்கும் உறுதியான பதில் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் ஒரு காலத்தில் நான்கு வயதுக்கு முன் வேண்டாம் என்றது. 2010-ல் அதைத் தளர்த்தியது. இப்போது ஒரு வயதிலிருந்தே பலன் இருக்கலாம், நான்கு வயதில் பெரும்பாலான பிள்ளைகள் தயார் என்கிறது. உலக சுகாதார நிறுவனம் பள்ளி வயதுப் பிள்ளைகள், ஆறு வயதுக்கு மேல் என்கிறது. என் மகள் இரண்டுக்கும் நடுவில். அறிவியலிடம் போய் ‘நீயே முடிவு செய்’ என்று ஒப்படைத்துவிடலாம் என்ற என் திட்டம் அங்கேயே முடிந்தது.

நான்காம் நாள், தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபோது என் விரல் பெஞ்சில் தட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் அழ ஆரம்பித்ததிலிருந்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். எழுந்து போய்த் துண்டில் சுற்றி அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இந்தக் குழந்தைக்கும் அந்தக் கிணற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் செய்த ஒன்றுக்கு, அல்லது செய்யாத ஒன்றுக்கு, இவள் உடம்பைக் கடன் வாங்கி வட்டி கட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் வகுப்பில்லை. ஆனால் போனோம். ஃபீஸ் கட்டியாகிவிட்டதே என்பதுதான் உண்மையான காரணம். இரண்டு பேரும் சின்னக் குளத்தின் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொள்வோம். என் கால் நடுங்குவதைப் பார்த்து அவளுக்கு ஆச்சரியம். “அம்மா, உனக்குமா?” என்றாள். எனக்குந்தான் என்றேன். அது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது போல. நான்காவது வாரம், இன்னொரு குழந்தையின் ஊதா நிறக் கண்ணாடி தண்ணீருக்குள் விழுந்ததை எடுத்துக் கொடுக்கத் தானாகவே இறங்கினாள். அவ்வளவுதான். இதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை.

அக்டோபரில் ஒருநாள் மின்னலோடு மழை. குளத்தில் யாரையும் இறக்கவில்லை. ஷெட்டுக்கு அடியில் இருபது பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் ஒரு ஐந்து லிட்டர் எண்ணெய் கேனை நைலான் கயிற்றில் கட்டிக்கொண்டு வந்தார். “யாராச்சும் தண்ணியில முழுகுறாங்க. நீங்க கரையில நிக்கிறீங்க. என்ன செய்வீங்க?”

“குதிப்போம்!” என்றார்கள் இருபது பேரும்.

“தப்பு. குதிச்சா ரெண்டு பேரும் போயிருவீங்க. கத்தணும், எறியணும், படுத்துக்கிட்டு இழுக்கணும். உள்ள போகவே கூடாது.”

தரையில் ஒரு பையன் மூழ்குகிறவனாக உட்கார்ந்தான். ஒவ்வொருவராகக் கேனை எறிந்தார்கள். தரையில் படுத்துக் கயிற்றை இழுத்தார்கள். மகள் எறிந்தது முதலில் பக்கவாட்டில் போனது, அடுத்தது அவன் மடியில் விழுந்தது. அவளைவிடப் பெரிய பையன். தரையில் வழுக்கிக்கொண்டு வந்தான். ‘கத்தணும், எறியணும், இழுக்கணும்’ என்று கார் வரைக்கும் பாட்டு மாதிரிப் பாடிக்கொண்டு வந்தாள்.

நான் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தேன். கிணற்று மேட்டிலிருந்து மோட்டார் ரூமுக்கு எட்டடி. கதவு சாத்தியிருக்காது. உள்ளே நுழைந்ததும் வலது பக்கம் ஒரு ஆணி. அதில் கயிறு. அதே ஆணியில் சுரைப்புருடை. பையன்கள் பழகுகிற கயிறு. நான் ஒவ்வொரு லீவிலும் பார்த்த கயிறு.

அம்மாவின் வாக்கியத்தில் இரண்டு வழிதான் இருந்தது. தெரிந்திருந்தால் குதித்துச் செத்திருப்பேன், தெரியாததால் நின்று பார்த்தேன். இருபத்தியேழு வருடம் நான் இந்த இரண்டுக்கும் நடுவில் போய்வந்து கொண்டிருந்தேன். எட்டடி தள்ளி ஒன்று இருந்ததை எனக்கு யாரும் சொல்லவில்லை. நீச்சல்கூடத் தேவைப்பட்டிருக்காது.

பங்களாதேஷில் 2006-லிருந்து ஒரு நீச்சல் திட்டம் நடக்கிறது. ஊர்க் குளத்திலேயே மூங்கில் மேடை கட்டிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். முடிக்கிற குழந்தை 25 மீட்டர் நீந்த வேண்டும், 30 விநாடி மிதக்க வேண்டும், அதோடு கரையில் நின்றபடியே மூழ்குகிறவரை மீட்கத் தெரிந்திருக்க வேண்டும். கிழக்கு வங்கம் என்று சிங்கர் எழுதிய அதே நிலம். அவருடைய கட்டுரையில் வாதத்துக்காக வந்த குளம், அங்கே வீட்டுக்குப் பின்னால் நிஜமாகவே இருக்கிறது. ஒன்றிலிருந்து நான்கு வயதுக் குழந்தைகளின் சாவுக்கு அங்கே முக்கியமான காரணங்களில் ஒன்று நீரில் மூழ்குவது. 2021-ல் உலகம் முழுக்க நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர், அதில் கிட்டத்தட்ட கால்வாசி ஐந்து வயதுகூட ஆகாத குழந்தைகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று லட்சம் என்று படிக்கும்போது எனக்கு ஒரு உருவமும் வரவில்லை. மூங்கில் கம்பைக் கரையிலிருந்து நீட்டுகிற ஒரு சிறுமி மட்டும் வந்தாள்.

அந்த மழை நாளுக்குப் பிறகு எனக்கு ஒன்று புரிந்தது, புரிந்ததால் நிம்மதி போனது. அம்மா அன்றைக்குத் திண்ணையில் சொன்னது நீச்சலைப் பற்றி இல்லை. உன்னால் எதுவும் செய்திருக்க முடியாது என்று சொன்னார். தெரியாதவளுக்குக் கிடைக்கிற மன்னிப்பு அது. என் மகளுக்கு இனி அது கிடைக்காது. அவளுக்குத் தெரியும். கத்தத் தெரியும், எறியத் தெரியும், இன்னும் இரண்டு வருடத்தில் நீந்தவும் நன்றாகத் தெரியும். ஏதாவது ஒரு கரையில், ஏதாவது ஒரு நாள், அவள் எறிந்த கயிறு எட்டாமல் போனால், ‘நீ என்ன செய்வ சாமி, உனக்கு என்ன தெரியும்’ என்று அவள் தலையை மடியில் வைத்து நான் சொல்ல முடியாது. ஒரு குழந்தைக்கு ஒன்றைக் கற்றுத்தருகிறோம் என்றால் அதற்கான பொறுப்பையும் அவள் தலையில் ஏற்றுகிறோம். ஐந்து வயதுத் தலையில். இதைப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் டிக் செய்வது? ஏற்றலாம் என்றுதான் நினைக்கிறேன். தெரியாமல் இருந்து கிடைத்த மன்னிப்பு எனக்கு ஒருநாள்கூடத் தூக்கம் தரவில்லை. ஆனால் இது என் அனுபவம், அவளுடையது இல்லை. என்னால் இதை நிரூபிக்க முடியாது.

தீபாவளிக்கு ஊருக்குப் போனோம். கிணறு இருக்கிறது. சுற்றி இடுப்பளவுக்குச் சுவர், அந்த வருடமே கட்டியது. கயிற்றைப் பற்றி அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று நான் மூன்று வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன், வேண்டாம் என்று முடிவும் செய்திருந்தேன். அறுபத்தியெட்டு வயது, சர்க்கரை, முழங்கால் வலி. இனி எதற்கு.

மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். நான் அவள் சட்டையைப் பிடித்திருந்தேன், விரல் பதியாமல். “அம்முச்சி, இங்க கயிறு எங்க?” என்றாள்.

“என்ன கயிறு கண்ணு?”

“யாராச்சும் உள்ள விழுந்தா எறியறதுக்கு. மாஸ்டர் சொன்னாங்க.”

அம்மா கொஞ்ச நேரம் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டார் ரூம் பக்கம் திரும்பவில்லை. “இருந்துது சாமி. அந்த வருசமே எடுத்து அடுப்புல வெச்சுட்டேன்” என்றார். என்னைப் பார்க்கவில்லை. “உங்கம்மா கண்ணுல படக்கூடாதுன்னு.”

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் மேற்கொண்டு சொல்லவில்லை. மறுநாள் மூன்று பேருமாகக் கோபிக்குப் போய் ஒரு கடையில் நைலான் கயிறு கேட்டோம். எத்தனை அடி வேணும் என்றார் கடைக்காரர். நான் யோசித்துக்கொண்டிருந்தேன். “நாப்பது போதுங்” என்றார் அம்மா.